டீச்சருக்குத் தெரியாது

அன்று மாலை சின்னப் பிள்ளைகளின் வகுப்பறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பெரிய டீச்சர், பெரியவர்களுக்கென்று அந்த அறையில் இருந்த ஒற்றை நாற்காலியில், கரும்பலகைக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடத்தின் சொந்தக்காரர் முதலில் பிள்ளைகள் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து பார்த்தார். அது கிறீச்சென்று குரல் கொடுத்ததும் எழுந்துபோய் பொம்மைப் பெட்டியின் மூடிமேல் அமர்ந்துகொண்டார். சுகாதார நிலையத்து நர்ஸ் ஜன்னலில் சாய்ந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கு, "வேணாம் சார், உக்காந்தா அப்புறம் என்னைக் கிரேன் வச்சுத்தான் தூக்கணும்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நாலாவது ஆள் அந்த வகுப்பின் டீச்சர். மஞ்சள் நிறக் குட்டி நாற்காலியில், முழங்கால் இரண்டும் மோவாயை முட்ட, தினமும் உட்காருகிறபடியே உட்கார்ந்திருந்தாள்.

அன்று விடிகாலையில் பஞ்சு இறந்துபோயிருந்தான்.

பஞ்சு என்பது அவன் தலைமுடியைப் பார்த்து வைத்த பெயர். எவ்வளவு வாரினாலும் அடங்காத, ஊதினால் பறந்துவிடும் போன்ற முடி. அந்த வாரத்தின் தொடக்கத்தில் "தொண்டை வலிக்குது டீச்சர்" என்று அவள் மடியில் வந்து தலை வைத்தான். அம்மாவை வரச்சொல்லி அனுப்பிவைத்தாள். அவ்வளவுதான், வாரம் முடிவதற்குள் பிள்ளை இல்லை. தொண்டை அடைப்பான். தொண்டைக்குள் சாம்பலும் வெள்ளையுமாக ஆடை படர்ந்து மூச்சை அடைத்துவிடுகிற நோய். ஊரில் அங்கொன்று இங்கொன்று என்று காதில் விழுந்துகொண்டிருந்தது, இப்போது இந்த அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்தை மூட வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றாள் நர்ஸ். "மூடினா பிள்ளைங்க தெருத்தெருவா ஓடும், எந்தப் பிள்ளைக்கு என்னன்னு நமக்குத் தெரியாது. இங்க இருந்தா தினம் காலையில தொண்டையப் பாத்துடலாம். மாத்திரையும் தடுப்பூசியும் வந்துக்கிட்டு இருக்கு. ஆரம்பத்துலயே தெரிஞ்சா காப்பாத்திடலாம் சார். லேட் ஆனாத்தான்…"

"அது சரி" என்று சொந்தக்காரர் இடையில் புகுந்தார். "நாளைக்கு அந்தப் பிள்ளை எங்கேன்னு மத்ததுங்க கேட்டா என்ன சொல்றது? செத்துட்டான்னா சொல்ல முடியும்? அப்புறம் ஒரு பிள்ளை இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காது."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிஞ்சுங்க. தாங்காது."

"தாங்குதோ இல்லையோ, தொண்டை வலிச்சா உடனே சொல்லணும்னு அதுங்களுக்குப் புரியணுமே. எதுக்குன்னே சொல்லாம, சொல்லு சொல்லுன்னா எப்படிச் சொல்லும்?" என்றாள் நர்ஸ்.

"அதை நீங்க லைட் அடிச்சுப் பாத்துக்கங்கம்மா. அதுக்குத்தானே வர்றீங்க" என்றார் சொந்தக்காரர்.

நர்ஸ் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். பேச்சு அங்கேயே நின்றுவிடும் போலிருந்தது. அப்போதுதான் மஞ்சள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. டீச்சர் எதையும் முறையாகச் செய்கிறவள். "எதைச் சொன்னாலும் எல்லாரும் ஒண்ணையே சொல்லணும். ஆளுக்கொண்ணு சொன்னாத்தான் பிள்ளைங்க குழம்பும். அவனுக்கு வேற ஊர்ல ஒரு சித்தி இருக்காங்க. சித்தி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லிடலாம்."

"பாருங்க, இதான் டீச்சர்ங்கறது!" என்றார் சொந்தக்காரர், தோளிலிருந்து மூட்டையை இறக்கியவர் போல.

மறுநாள் காலையிலேயே அவள் அதைச் செய்து முடித்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு எதுவானாலும் ராகம் போட்டு, கைச்சாடை வைத்து, கூட்டமாகச் சொல்லவைத்தால்தான் உள்ளே இறங்கும். பல் தேய்ப்பதை அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள், கிழமைகளின் பெயரையும் அப்படித்தான். பஞ்சுவையும் அதே ராகத்தில் சொல்லிக்கொடுத்தாள்.

"பஞ்சு எங்கே?"

"சித்தி வீட்டுக்கு!" அப்போது எல்லாரும் ஜன்னல் பக்கம் கையை நீட்ட வேண்டும்.

"எப்படிப் போனான்?"

"டாட்டா காட்டிப் போனான்!"

எல்லாரையும்விட உரக்கப் பாடியவன் வக்கீல். பஞ்சுவின் எதிர்வீட்டுப் பிள்ளை. 'ஏன்', 'எதுக்கு', 'யார் சொன்னது' இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே வீட்டில் ஒருவரையும் நிம்மதியாகச் சாப்பிடவிடாதவன் என்று அவனுடைய அப்பாவே சூட்டிய பெயர் அது. அன்று அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்தபடி, அவள் கை போகிற பக்கமெல்லாம் தன் கையையும் கொண்டுபோனான். மற்ற பிள்ளைகளும் அப்படித்தான். எப்போது வருவான் என்று கேட்க ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

நர்ஸ் தினமும் காலையில் டார்ச்சோடு வந்தாள். பிள்ளைகள் வரிசையாக வந்து, வாயைப் பிளந்து, கூரை ஓடே உடைந்துவிடும்போல "ஆ" என்று கத்திவிட்டுப் போனார்கள். "உங்க கிளாஸ் மாதிரி சமத்து எங்கயும் இல்ல டீச்சர். அடுத்த தெரு ஸ்கூல்ல ஒருத்தன் என் விரலைக் கடிச்சே வச்சுட்டான். எனக்கு ஊசி போட வேண்டியதாயிடுச்சு" என்று கட்டு போட்ட விரலைக் காட்டினாள். டீச்சருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த வகுப்பில் வாயாடி என்று ஒரு பெண். அப்பா வயர்மேன், அம்மா தையல் கூடத்தில் வேலை. காலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கதையைத் தொடங்குவாள்: அப்பாவுக்கு ஷாக் அடித்தது, அப்பா 'ஐயோ அம்மா' என்றது, அம்மா 'அத்தையைக் கூப்பிட்டா நான் வரமாட்டேன்' என்றது. வீட்டுக்குப் போகிறவரை கதை தீராது. அந்த வாயாடி இரண்டு நாளாக மூச்சுவிடவில்லை. சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், படத்துக்கு வண்ணம் அடித்தாள், கூப்பிட்டால் தலையாட்டினாள்.

டீச்சர் மகிழ்ந்துபோனாள். எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "பாருங்க, வாயாடி எவ்வளவு நல்ல பிள்ளையாயிட்டா! இனிமே இவ பேரை மாத்திடலாமா?" என்று கேட்டு, அவள் புறங்கையில் தங்க நிற ஸ்டார் ஒன்றை ஒட்டினாள். வாயாடி கையைப் பார்த்தாள், வக்கீலைப் பார்த்தாள், எச்சிலை விழுங்கினாள். விழுங்கியபோது அவள் கண் சுருங்கியதை டீச்சர் பார்க்கத்தான் செய்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் விளையாட்டு நேரம். அலமாரிக்குப் பக்கத்தில், மேஜையின்மேல் போர்வையை விரித்துத் தொங்கவிட்டுப் பிள்ளைகள் வீடு கட்டியிருந்தார்கள். டீச்சர் தரையில் குந்தி, சிதறிக்கிடந்த கிரேயான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து வக்கீலின் குரல் கேட்டது.

"வாயைத் தொற."

டாக்டர் விளையாட்டு. டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. போர்வையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். வக்கீல் பச்சை கிரேயானை டார்ச் மாதிரி பிடித்திருந்தான். எதிரே மூன்று நான்கு பேர் வரிசையில்.

"நாக்கை மேல தூக்கு. இன்னும். மேல ஒட்டிக்கணும். இப்ப கத்து. சத்தமா கத்தினா நர்ஸக்கா காதைப் பொத்திக்கிட்டுப் போயிடுவாங்க. உனக்கு வலிக்குதா?"

"இல்ல."

"சரி போ. வலிச்சா என்கிட்டதான் சொல்லணும். பெரியவங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அடுத்தது யாரு? வாயாடி, நீ வா. இன்னைக்கு எவ்வளவு வலிக்குது?"

பதில் குரலாக வரவில்லை. இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாள். ஒரு கையில் ஸ்டார் மினுங்கியது.

டீச்சரின் மடியிலிருந்த கிரேயான் எல்லாம் கொட்டி உருண்டது. போர்வையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளைகள் சுவரோடு சுவராக ஒடுங்கினார்கள். வாயாடியைத் தன் பக்கம் திருப்பி, "வாயைத் தொறம்மா" என்றாள். வாய் திறந்தது, நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. பழக்கிய நாக்கு. "நாக்கைக் கீழ விடு செல்லம். கீழ விடு." கடைசியில் டிபன் டப்பாவில் கிடந்த கரண்டியின் காம்பால் தானே அழுத்தினாள்.

உள்ளே, பால் ஆடை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அருவருப்பான ஒரு வாடையும் வந்தது.

நர்ஸ் சொல்லிவைத்திருந்ததெல்லாம் தலைக்குள் சுற்றியது, ஒரு சொல்லும் நிற்கவில்லை. தடுமாறி எழுந்து வாயாடியைத் தூக்கித் தோளில் போட்டாள். கதவை நோக்கித் திரும்பினால், கதவுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து வக்கீல் நின்றுகொண்டிருந்தான். மற்றதுகள் வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டன.

"வேணாம் டீச்சர்! கூட்டிட்டுப் போகாதீங்க!"

"வழி விடுடா! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

"போனா செத்துடுவா!" வக்கீல் கத்தினான். பிறகு, பெரியவர்கள் கெட்ட செய்தியை உடைக்கிற மாதிரி, குரலைத் தாழ்த்தி, மெல்லச் சொன்னான்: "டீச்சர்… பஞ்சு சித்தி வீட்டுக்குப் போகலை. செத்துட்டான். உங்களுக்குத் தெரியாது."

அவள் வாயாடியைத் தோளோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"நான் மாடியிலேர்ந்து பாத்தேன். வெள்ளைத் துணியில சுத்தித் தூக்கிட்டு வந்தாங்க. தலை மட்டும் தெரிஞ்சுது. அவங்கம்மா ரோட்டுலயே உக்காந்துட்டாங்க. உங்களுக்கு யாரோ பொய் சொல்லிட்டாங்க டீச்சர். நீங்க பாட்டெல்லாம் பாடினீங்களா… பாவமா இருந்துச்சு. தெரிஞ்சா அழுவீங்கன்னு, சொல்லக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் நான்தான் சொல்லி வச்சேன்."

காலைக் கட்டியிருந்த பிள்ளைகள் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார்கள், அழப்போகிறாளா என்று. பூனைக்குட்டி என்று எல்லாரும் கூப்பிடுகிற, கேட்டதற்கும் காதோடுதான் பதில் சொல்கிற குட்டிப் பெண் ஒருத்தி, அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

பொய் சொல்லியே கதவைத் தாண்டியிருக்கலாம். அந்த நேரத்தில் அது வரவில்லை.

"எனக்குத் தெரியும்டா" என்றாள். "அன்னைக்கே தெரியும்."

வக்கீலின் கைகள் தாமாகவே கீழே இறங்கின. அவன் அவளைப் பார்த்த பார்வையை, அதற்கு முன் எந்தப் பிள்ளை முகத்திலும் அவள் கண்டதில்லை. நகர்ந்து வழி விட்டான்.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்துக்கு வயர்மேன் ஓடி வந்தபோது, கம்பத்திலிருந்து இறங்கிய கோலத்திலேயே இருந்தார். இடுப்பில் குறடு தொங்கியது. பிள்ளையை உள்ளே கொண்டுபோயாகிவிட்டது, மருந்து ஏறுகிறது, கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம் என்றாள் டீச்சர். அவர் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். திரும்பாமலே பேசினார்.

"நேத்து ஸ்டார் வாங்கிட்டு வந்தா. என்னடி, நீ வாயை மூடிட்டு இருந்தியான்னு சிரிச்சோம். நல்ல பேர் எடுத்தாளேன்னு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன் டீச்சர். கையிலேயே வச்சிருந்தா. உருகி ஒழுகிடுச்சு. கொழுப்பு பாரு இவளுக்குன்னு தலையில ஒரு குட்டு வச்சேன்."

டாக்டர் வெளியே வந்து, இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கொண்டுவந்தும் பயன் இருந்திருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் தடுப்பூசியும் மாத்திரையும் வந்து சேர்ந்தன. சொந்தக்காரரும் வந்து சேர்ந்தார். "பிள்ளைங்ககிட்ட உள்ளதைச் சொல்லப்போறீங்களாமே? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நாக்கைத் தூக்கி மறைக்கப் பழகியிருக்குதுங்க சார். எல்லாமே தெரிஞ்சிருக்கு அதுங்களுக்கு. நாம சொன்னது ஒண்ணுதான் பொய்."

"யாராவது பெத்தவங்க வந்து சண்டை போட்டா?"

"என்னைக் காட்டுங்க. நான் பேசிக்கறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிள்ளைகள் பார்ப்பதைக் கண்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் ராகம் போடவில்லை, கையை நீட்டவில்லை. தரையில் அவர்களோடு உட்கார்ந்து சொன்னாள். பஞ்சு செத்துட்டான். அவன் திரும்பி வரமாட்டான். தொண்டையில ஒரு நோய் வந்துச்சு. அது அவன் பண்ணின தப்பு இல்ல, நீங்க பண்ணினதும் இல்ல. சீக்கிரம் தெரிஞ்சா மருந்து வேலை செய்யும், மறைச்சா நோய்தான் ஜெயிக்கும். சித்தி வீடுன்னு சொன்னது நான். அது பொய். வாயாடி ஆஸ்பத்திரியில இருக்கா, உயிரோட இருக்கா, நேத்தைவிட இன்னைக்குத் தேவலை.

கடைசி வரியைச் சொன்னபோது ஒரு பிள்ளைகூட அவளைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க" என்றான் வக்கீல், தரையைப் பார்த்து.

அவ்வளவுதான். நர்ஸ் டார்ச்சோடு வந்தபோது, வாய்கள் பூட்டுப் போட்டதுபோல மூடிக்கொண்டன. கெஞ்சினாள், கொஞ்சினாள், தன் வாயைத் திறந்து காட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்களே தவிர ஒருவரும் திறக்கவில்லை. "வலுக்கட்டாயமா ஒரு நாள் திறக்கலாம் டீச்சர். ராத்திரி வீட்டுல வலி வந்தா இதுங்க வாயைத் திறந்து சொல்லணுமே" என்றாள், டார்ச்சை அணைத்து. இவர்களில் இன்னொன்றுக்கு வலித்துக்கொண்டிருந்தால்? அதைச் சொல்லாமல் இப்படியே வீட்டுக்குப் போனால்?

இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாவது நாள் மதியம் வயர்மேன் பள்ளிக்கு வந்தார், மகள் கஞ்சி குடித்தாள் என்று சொல்ல. மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கே போவதாகச் சொன்னார். வக்கீல் வந்து அவர் எதிரே நின்றான்.

"மாமா, அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்தானே?"

"தெரியும்டா. ஏன்?"

வக்கீல் டீச்சர் பக்கம் திரும்பினான். அன்றைக்குப் பிறகு அவளிடம் அவன் பேசுவது அதுதான் முதல் தடவை. "நாங்க சொல்றதை எழுதுங்க. நாங்க சொல்றதை மட்டும்."

டீச்சர் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தாளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவள் வழக்கம்போல 'அன்புள்ள' என்று தொடங்கியதும், "அதை நாங்க சொல்லல" என்றான் வக்கீல். அடித்தாள்.

"வாயாடி, நீ செத்துட்டியா? செத்துட்டா பதில் போட வேணாம். உயிரோட இருந்தா போடு."

பேனா நின்றது. வயர்மேன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் அதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினாள்.

"ஊசி எங்க போட்டாங்க? அழுதியா?" என்றது ஒன்று. "ஆஸ்பத்திரியில பேய் இருக்கா?" என்றது இன்னொன்று. "பஞ்சு படுத்த கட்டில்லயா நீ படுத்திருக்கே?" என்றது மூன்றாவது. ஒவ்வொன்றும் அவளை எங்கோ போய்த் தைத்தது, எழுதிக்கொண்டே போனாள்.

"இப்ப இதை எழுதுங்க" என்றான் வக்கீல். "நான் டீச்சரோட சிவப்புப் பேனாவை எங்க ஒளிச்சு வச்சேன்? அது உனக்கு மட்டும்தான் தெரியும்."

"என் சிவப்புப் பேனாவா? நீயா எடுத்தே?"

"அதான் டீச்சர். பதிலை நீங்களே எழுதிட்டு அவ எழுதினான்னு சொல்ல முடியாது இல்ல?"

முடிந்ததும் தாளை வாங்கி, அன்று மதியமும் தொண்டை பார்க்க வந்திருந்த நர்ஸிடம் நேராகக் கொண்டுபோனான். "நீங்க படிங்க. இவங்க சரியா எழுதியிருக்காங்களான்னு பாக்கணும்." நர்ஸ் ஒரு வரி விடாமல் வாசித்தாள். வக்கீல் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினான். வாசித்து முடித்தபோது அவன் டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை, ஆனால் பார்த்தான்.

டீச்சர் தாளை மடித்து உறையில் போடப்போனாள். யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். பூனைக்குட்டி. அவள் டீச்சரின் காதோடு சொன்னது அந்த அறை முழுக்கக் கேட்டது. மற்ற எல்லாரும் அத்தனை அமைதியாக இருந்தார்கள்.

"எனக்கும் தொண்டை வலிக்குதுன்னு எழுதுங்க."

டீச்சர் தாளை மறுபடி விரித்து, அந்த வரியையும் எழுதினாள். நர்ஸ் மண்டியிட்டு டார்ச்சைப் போட்டாள். பூனைக்குட்டி வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் தன் நாக்கை நீட்டி, கீழே அழுத்திக் காட்டினான், இப்படி என்று. அவளும் நாக்கைக் கீழே விட்டாள்.

"வெள்ளை இல்ல. செவந்திருக்கு. எதுவா இருந்தாலும் இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள் நர்ஸ்.

"எங்க?" என்றான் வக்கீல்.

"ஆஸ்பத்திரிக்கு" என்றாள் டீச்சர். "ஒரு குச்சியால தொண்டையைத் துடைச்சு எடுத்துப் பாப்பாங்க. குமட்டும். ஊசியும் போடலாம். இவங்கம்மாவுக்கு இப்ப போன் பண்றேன், அவங்க வர்றவரைக்கும் நான் கூடவே இருப்பேன்."

"செத்துடுவாளா?"

"சாகமாட்டான்னுதான் நினைக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் சொல்லிட்டாளே. ஆனா எனக்கு நிச்சயமா தெரியாதுடா."

வக்கீல் அந்தப் பதிலைச் சிறிது நேரம் வாய்க்குள்ளேயே வைத்துப் பார்த்தான். "அதையும் எழுதுங்க" என்றான். எழுதினாள்.

உறையை ஒட்ட அவன் நாக்கை நீட்டியதும், "டேய், நக்காதே!" என்று நர்ஸ் பாய்ந்து பிடுங்கினாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் பசை தடவி ஒட்டினாள், பிள்ளைகள் ஆளுக்கொரு விரலால் ஓரத்தை அழுத்திவிட்டார்கள். வயர்மேன் அதைச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை அழுத்திக்கொண்டார். வாசலில் வண்டியை உதைத்துக் கிளப்பினார். பின்னால் நர்ஸ், அவள் மடியில் பூனைக்குட்டி. டீச்சர் வகுப்பைப் பெரிய டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். இரண்டு வண்டியும் தெருமுனையில் திரும்பின, கடிதத்தோடு.